கித்தேரியின் சேலைத்துணி அடைத்த ஓட்டை

சிப்பித்துறையில் சண்டை இல்லாமல் ஒரு காலைப்பொழுது கழிந்தால், கடலில் ஏதோ கோளாறு என்று பெண்கள் அடுப்பைத் தணித்துவிட்டு வாசலுக்கு வந்து நிற்பார்கள். வெளியூர்க்காரர்கள் இதை நம்புவதில்லை. நம்பாதவர்களை உட்காரவைத்து, ஒரு டம்ளர் காப்பி கொடுத்து, குடித்து முடிக்கிறவரை இந்தக் கதையைச் சொல்லி அனுப்புவது அந்த ஊர் வழக்கம். காப்பியில் சீனி குறைவாக இருக்கும். கதையில் அப்படிக் குறை எதுவும் வைக்க மாட்டார்கள்.

தொபியாசின் வள்ளத்துக்குச் சந்தியாகப்பர் என்று பெயர். அதன் அடிப்பலகையில், நடுவாக்கில், சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு விழுந்தது. முறையாகப் பார்த்தால் வள்ளத்தைக் கரையேற்றிக் கவிழ்த்து, பக்கத்து ஊர் ஆசாரியைக் கூப்பிட்டு, பழைய பலகையைப் பெயர்த்துப் புதுசு போட வேண்டும். ஆனால் அது சாளை மீன் கரையோரம் வந்து வெள்ளிவெள்ளியாகப் புரண்டுகொண்டிருந்த நேரம். வருஷமெல்லாம் கடலைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட ஊரில், அந்த நேரத்தில் ஒருவன் வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டால் அவனை மந்திரிக்கத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். "சாளை போகட்டும், பலகைய பெறகு பாப்போம்" என்றான் தொபியாஸ். அதுவரைக்கும் எதையாவது திணித்து ஓட்டுவது என்று முடிவாயிற்று.

முதலில் சோப்புக்கட்டியை நசுக்கித் திணித்தான். வள்ளம் போன வழியெல்லாம் நுரை கட்டி, மீன்கள் குளித்து முழுகி வலைக்குள் வந்தன, ஆனால் உச்சிப்பொழுதுக்குள் சோப்பு கரைந்துவிட்டது. பஞ்சையும் தேங்காய்நாரையும் குங்கிலியத்தில் முக்கி அடித்தான், அது ஒரு சுறா தும்மியதில் கழன்று போனதாக வள்ளத்தில் கூடப் போகும் இன்னாசி சத்தியம் செய்தான். டயர் டியூபை வெட்டி ஆணி அடித்தான், ஆணி போன வழியில் இன்னொரு சின்ன ஓட்டை விழுந்தது. தார் பூசினான், சிமிண்டு பூசினான், கிறிஸ்துமஸ் குடிலுக்கு வாங்கி மிஞ்சிய பசையைப் பூசினான், கடைசியில் டீக்கடைக்காரர் மனமிரங்கிக் கொடுத்த பரோட்டா மாவை அப்பினான். அது அரை நாள் தாங்கியது, அதைத் தின்ன வந்த கெளுத்தி மீன் தலையை உள்ளே விட்டு மாட்டிக்கொண்டதில் இன்னொரு அரை நாள் தாங்கியது.

மாவும் கெளுத்தியும் சேர்ந்து பிய்த்துக்கொண்ட அன்று, நடுக்கடலில் தண்ணீர் குபுகுபுவென்று ஏற, தொபியாஸ் கையில் அகப்பட்டதை எடுத்து ஓட்டையில் திணித்தான். அது அவன் மனைவி கித்தேரி குழம்புத் தூக்குச்சட்டியைச் சுற்றிக் கட்டிக் கொடுத்த துணி, அவளுடைய பழைய கிளிப்பச்சைச் சுங்குடிச் சேலையிலிருந்து கிழித்தது. திணித்த கையை எடுத்துப் பார்த்தால் ஒரு சொட்டு இல்லை. வள்ளத்தின் அடி கோயில் பீடம்போலக் காய்ந்து கிடந்தது.

அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் கித்தேரி ஊரில் பாதிச் சண்டைகளைப் போட்டிருக்கிறாள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஏலக்காரன் குறைத்துக் கேட்டால் சண்டை, குழாயடியில் யாராவது முந்தினால் சண்டை, யாரும் முந்தாவிட்டால் ஏன் எல்லாரும் தள்ளி நிற்கிறீர்கள் என்று ஒரு சண்டை. கெட்ட மனசு கிடையாது. காலையில் எழுந்து முகம் கழுவுகிற மாதிரி அவளுக்குச் சண்டை. போட்டு முடித்தால்தான் பொழுது விடிந்ததாகத் தோன்றும், அதன்பிறகு யாரைப் பார்த்தாலும் சிரிப்பாள்.

சாளை வந்து கொஞ்ச நாளானபின் ஒரு மதியம், குழாயடியில் கித்தேரியும் இன்னாசியின் மனைவி பிரகாசியும் மோதிக்கொண்டார்கள்.

"உன் ஆடு என் கருவாட்டத் தின்னுட்டுட்டி."

"ஆடு எங்கயாவது கருவாடு திங்குமா?"

"உன் ஆடு திங்கும். உன் வீட்டுல வளருததுதானே, வேற எதத் தின்னு பழகியிருக்கும்?"

பிரகாசி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்: "உன் கருவாட்ட மோந்து பாத்திருந்தாலே அது செத்திருக்கும். உன் மீன்குழம்பே கழனித்தண்ணி. கருவாட்டக் கேக்கவா வேணும்?"

கித்தேரிக்குக் காதிலிருந்து புகை வந்தது. இதற்கு அவளிடம் ஒரு பதில் இருந்தது, பிரகாசி ஜென்மத்துக்கும் மறக்காத பதில், நாக்கின் நுனிக்கு வந்தே விட்டது. அந்த நேரம் பார்த்துக் கோயிலில் மதியமணி அடித்தது. சிப்பித்துறையில் மணி அடித்தால் வலை பின்னுகிறவன் ஊசியோடு நிற்பான், முடி வெட்டுகிறவன் கத்தரியோடு நிற்பான், அழுகிற பிள்ளைகூட மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்கும். செபம் சொல்லி முடிக்கிறவரை வேறு ஒரு சத்தமும் வராது. கித்தேரி முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, பதிலை அப்படியே விழுங்கினாள். செபம் முடிந்து திரும்பிப் பார்த்தால் பிரகாசியைக் காணவில்லை.

அன்று கரைக்கடலில்தான் வலை போட்டிருந்தார்கள். காற்று கரையிலிருந்து வீசியதால் மணிச்சத்தம் வள்ளத்துக்கும் கேட்டது. மணி அடித்த அதே நொடியில் துணி பொசுக்கென்று சுருங்கி வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது என்று, முழங்கால்வரை நனைந்து கரையேறிய இன்னாசி சொன்னான். "அதுக்கு மின்னாடி தொட்டுப் பாத்தேன் வே, இட்லித்துணி கணக்கா கொதிச்சுது."

"அந்நேரம் நாங்க குழாயடியில சண்டைல்லா போட்டுக்கிட்டிருந்தோம்" என்றாள் பிரகாசி.

ஊர் இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. அவள் சேலை, அவளோடு சேர்ந்துதானே கொதிக்கும் என்றார்கள். கொதித்த துணி சுருங்கத்தான் செய்யும் என்றார் டீக்கடைக்காரர், அவர் தினமும் வடிகட்டியைப் பார்க்கிறவர். ஊர்க்கமிட்டி கூடியது. வேறெந்த அடைப்பும் அந்த ஓட்டையில் தங்காது என்பது ஊரறிந்த விஷயம், அதே துணியைத்தான் மறுபடி திணித்தாக வேண்டும், சாளை இன்னும் போகவில்லை, வள்ளத்தில் நாலு உயிர் இருக்கிறது. ஆகவே சந்தியாகப்பர் கடலில் இருக்கிற நேரமெல்லாம் கித்தேரியைக் கோபப்படுத்தக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். தொபியாஸ் வீட்டுக்கு வந்து, முகத்தைப் பார்க்காமல், வலையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"ஏளா, கொஞ்ச நாளைக்கு வாய அடக்கிக்க. என் உசுரு ஒன் நாக்குல கெடக்கு."

முதன்முதலாக அவன் அவளிடம் ஒன்றைக் கேட்டிருந்தான். கித்தேரி தலையை ஆட்டினாள்.

அதன்பிறகு ஊரே தேனாக ஒழுகியது. குழாயடியில் கித்தேரியின் குடம்தான் முதல் குடம். ஏலக்காரன் அவள் வாயைத் திறக்கும் முன்னே விலையை ஏற்றினான். அவள் வீட்டுத் தகரத்தில் பந்து விழுந்தால் கிரிக்கெட் ஆடுகிற பயல்கள் வரிசையாக வந்து மன்னிப்புக் கேட்டார்கள், உப்பு விற்கிறவன் அவள் தெருவுக்கு வந்ததும் குரலைத் தணித்துத் தாலாட்டுகிறமாதிரிக் கூவினான், பங்குச்சாமியார் பிரசங்கத்திலிருந்து நரகத்தை எடுத்துவிட்டார். பிரகாசி ஆட்டைக் கட்டிப் போட்டாள். அதோடு விடாமல் முந்திரிக்கொத்துச் செய்து எடுத்துக்கொண்டு வந்து, "மயினி, திங்கியளா?" என்றாள். பிறந்ததிலிருந்து 'ஏட்டி' என்று கூப்பிட்டவள் வாயில் 'மயினி'யைக் கேட்டதும் கித்தேரிக்கு முதுகில் பல்லி ஓடியதுபோல் இருந்தது.

முதல் சில நாள் நன்றாகத்தான் இருந்தது. பிறகு பொழுது விடியாமல் போயிற்று. எழுந்தாள், முகம் கழுவினாள், காப்பி குடித்தாள், ஆனாலும் அவளுக்கு மட்டும் விடியவில்லை. விழுங்கிய வார்த்தைகள் வயிற்றில் புளித்து நுரைத்தன. நடந்தால் உள்ளே குடத்துத் தண்ணீர்போலத் தளும்பியது. கண்ணாடி வளையல் கைக்கு இறுகியது. ஏலக்காரன் ஒருநாள் அவளுக்காக எடையைக் கூட்டிச் சொன்னபோது, கள்ளத்தராசுக்காரா என்று கத்த வந்த வாயைப் பொத்திக்கொண்டு, "நல்லா இருப்பா" என்று சொல்லிவிட்டு வந்து, உப்பங்கழி ஓரம் யாரும் இல்லாத இடத்தில் நின்று ஒரு நண்டைப் பார்த்துத் திட்டலாமா என்று யோசித்தாள். நாலு உயிர் ஞாபகம் வந்தது. நண்டுக்கு வழிவிட்டு வீடு திரும்பினாள்.

இத்தனை செய்தும் வள்ளம் நாளுக்கு நாள் அதிகமாகத் தண்ணீர் குடித்தது. துணி ஈரக்காகிதம்போலக் கிடந்தது. ஒருவன் வலை இழுத்தால் ஒருவன் தண்ணீர் இறைத்தான், கடைசியில் வலை இழுக்க ஒருவனும் மூன்று பேர் இறைக்கவும் என்று ஆயிற்று. கித்தேரியை யாரோ மறைவாகக் கோபப்படுத்துகிறார்கள் என்று ஊர் சந்தேகப்பட்டது. "மனசுக்குள்ள யார் மேலயும் வருத்தம் வச்சிருக்கியா?" என்று தொபியாஸ் கேட்டான். இல்லை என்றாள். ஊர் இன்னும் இனித்தது. துணி இன்னும் நைந்தது.

அப்படியிருக்க ஒரு பின்னேரம், கொண்டல் காற்று சொல்லாமல் கொள்ளாமல் எழுந்தது. மற்ற வள்ளங்கள் எல்லாம் அடித்துப் பிடித்துக் கரைக்கு வந்துவிட்டன. சந்தியாகப்பரைக் காணவில்லை. தேடிப்போக வள்ளம் இறக்கினார்கள். அலை அதை எடுத்துத் திருப்பிக் கரையிலேயே வைத்தது, மறுபடி இறக்கினார்கள், மறுபடி வைத்தது. பிரகாசியின் செல்போன் அடித்தது. இன்னாசி பேசினான், கரையின் மணற்குன்று தெரிகிற தூரத்தில்தான் இருக்கிறார்கள், இஞ்சின் நனைந்து நின்றுவிட்டது, பாய் விரித்திருக்கிறார்கள், காற்று கரைக்குத்தான் தள்ளுகிறது, மிதந்துகொண்டிருந்தால் போதும் வந்து சேர்ந்துவிடலாம், ஆனால் தண்ணீர் முழங்காலைத் தாண்டிவிட்டது. "கித்தேரி மயினியச் சந்தோசமா வச்சுக்கிடுங்க" என்று அவன் கத்தியது போனை வைத்திருந்த கையைத் தாண்டி எல்லாருக்கும் கேட்டது.

ஊர் கித்தேரியிடம் ஓடியது. மணலில் நாற்காலி போட்டு உட்கார்த்தினார்கள். ஒருத்தி விசிறினாள், ஒருத்தி கால் பிடித்தாள், டீக்கடைக்காரர் சோடா உடைத்துக் கொடுத்தார், சாமியார் வந்து தலையில் கைவைத்து, "சிரியம்மா, கொஞ்சம் சிரி" என்றார். எல்லாரும் சிரித்துக் காட்டினார்கள். பயத்தில் வெளுத்த முகங்களில் பல் மட்டும் தெரிய, வட்டமாக நின்று, "சிரிங்க மயினி, சிரிங்க மயினி" என்று ஊரே கெஞ்ச, போனில் தண்ணீர் சலசலவென்று கேட்க, தொபியாசின் குரல் ஒரு தடவை "இறைங்கவே" என்று வந்து அறுந்துபோக, கித்தேரி சிரிக்கத்தான் பார்த்தாள். உதடு விரிந்தது. உள்ளே இருந்து வேறொன்று வந்தது.

"விலகிப் போங்கடா எல்லாரும்! எம்புருசன் அங்க முங்குதான், இங்க எனக்குச் சோடா உடைக்கியளா? ஒரு கயித்தக் கட்டி இன்னொரு வள்ளத்த இறக்கத் துப்பில்ல, பல்லக் காட்டுதியளாக்கும்!"

ஊர் ஒரு அடி பின்வாங்கியது. போச்சு, நாலு உயிரும் போச்சு என்று பிரகாசி நெஞ்சில் அடித்துக்கொள்ளப் போனாள். அப்போது போனிலிருந்து இன்னாசி சொன்னான்: "ஏளா, நின்னுட்டு. துணி உப்பிட்டு. ஒரு சொட்டு வரல."

கித்தேரி கத்துவதை விட்டுவிட்டுப் போனைக் கவனித்தாள். கொஞ்ச நேரத்தில் போனில் மறுபடி சலசலப்பு தொடங்கியது.

கித்தேரி நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்தாள். "அன்னைக்கு மணி அடிக்கயில நான் சண்டை போடல" என்றாள், தனக்கே சொல்கிறமாதிரி. "சண்டைய நிறுத்தினேன். அப்பத்தான் துணி கழண்டுச்சு." பிறகு ஊரைப் பார்த்துச் சொன்னாள்: "வாங்க. ஒவ்வொருத்தரா வந்து எங்கூடச் சண்டை போடுங்க."

சொன்னது சுலபம். இத்தனை நாள் இனித்த நாக்குகளில் ஒரு காரமும் மிச்சமில்லை. விசிறியவள் முன்னால் வந்து, "மயினி… உங்க கோழி… அவ்வளவு நல்ல கோழியில்ல" என்றாள். "இதெல்லாம் ஒரு சண்டையாட்டி?" என்று கித்தேரி சீறினாள், அதில் கொஞ்சம் துணி இறுகியது. ஏலக்காரன் வந்தான். அவனிடம் சேர்த்து வைத்திருந்ததைக் கித்தேரி அவிழ்த்துவிட்டாள். கள்ளத்தராசில் தொடங்கி அவன் மீசையில் முடித்தாள், அவனுக்கும் ரோஷம் வந்து, "நீ மட்டும் மீனுக்கு மண்ணு தடவி எடை ஏத்தலியா?" என்றான், நல்ல சண்டையாகப் பிடித்துக்கொண்டது. அடுத்து உப்புக்காரன், அடுத்து கிரிக்கெட் பயல்களின் அம்மாமார், அடுத்து கமிட்டித் தலைவர், அவருக்கு வாய் வராமல் அவர் மனைவி அவருக்குப் பதிலாகச் சண்டை போட்டாள். கித்தேரியின் வயிறு இளகியது, வளையல் தளர்ந்தது, முகத்தில் விடியல் தெரிந்தது. பிரகாசி போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "காஞ்சு கெடக்காம், வள்ளம் காஞ்சு கெடக்காம்" என்று ஒவ்வொரு சண்டைக்கும் நடுவில் அழுதுகொண்டே சொன்னாள். தூரத்தில் பாய் தெரிந்தது.

சாமியாருக்குத்தான் முதலில் உறைத்தது. அவர் மேற்கே சூரியனைப் பார்த்தார், கோபுரத்தைப் பார்த்தார், அங்கியை முழங்காலுக்குமேல் தூக்கிக்கொண்டு கோயிலைப் பார்த்து ஓடினார். கோபுரத்துக்குள் கோயில்பிள்ளை கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். காது மந்தம், கரையில் நடப்பது எதுவும் தெரியாது, மணி அடிக்கிற வேலையில் ஒருநாளும் பிந்தியதில்லை. சாமியார் கடைசிப் படியில் அங்கி தடுக்கி விழுந்தார்.

மாலைமணி அடித்தது.

கை ஓங்கியவள் ஓங்கியபடி நின்றாள். ஊர் அடங்கியது. கித்தேரியின் நாக்கு, பிறந்த நாளிலிருந்து இந்த மணிக்கு அடங்கிப் பழகிய நாக்கு, மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிய்த்துப் பார்த்தாள், வரவில்லை, கண்ணில் நீர்தான் வந்தது. போனில் தண்ணீர் குபுகுபுத்தது. "பிரகாசி, துணி வருது, துணி வருது" என்றான் இன்னாசி. பாய் ஒரு பக்கமாகச் சாய்வதை எல்லாரும் பார்த்துக்கொண்டு, எல்லாரும் வாய் மூடி நின்றார்கள்.

பிரகாசி மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள், என்னை மன்னிச்சிரு மாதாவே என்று உதட்டை மட்டும் அசைத்தாள். பிறகு, சிப்பித்துறை தோன்றிய நாள்முதல் யாரும் செய்யாததை, மணிக்கும் மணிக்கும் நடுவே செய்தாள்.

"ஏட்டி கித்தேரி. உன் மீன்குழம்பு கழனித்தண்ணிதாட்டி. அன்னைக்கும் சொன்னேன், இன்னைக்கும் சொல்லுதேன்."

கித்தேரியின் நாக்கு பிய்த்துக்கொண்டு வந்தது. அதன் நுனியில், அத்தனை நாள் விழுங்கி வைத்திருந்த அந்தப் பதில், ஊறி முறுகி, அன்றைக்கு இருந்ததைவிடக் காரமாக இருந்தது.

"கழனித்தண்ணியா? அப்பம் ஒன் புருசன் எதுக்குட்டி தெனமும் கடலுல என் தூக்குச்சட்டிய வழிச்சு நக்குதான்? நீ கட்டிக் குடுக்க சோத்த மீனுக்குக் கொட்டிட்டு என் குழம்ப நக்குதானாம், எம்புருசன் சொன்னான். மீனுங்களும் அதத் திங்காம ஒதுங்கிப் போகுதாம்!"

பிரகாசி போனைக் காதுக்குக் கொண்டுபோனாள். "உள்ளதா?" என்றாள்.

போன் தொண்டையைச் செருமியது. "அது… பசிக்கி…" என்றது.

இதற்குமேல் நடந்ததற்கு நடிப்பு தேவைப்படவில்லை. பிரகாசிக்கு உண்மையாகவே தலைக்கேறியது. அவள் ஒரு கண்ணால் கித்தேரியோடும் ஒரு காதால் புருசனோடும் சண்டை போட்டாள், கித்தேரி ஆட்டிலிருந்து தொடங்கினாள், பிரகாசியோ தன் கல்யாண வீட்டுக்குக் கித்தேரி வராததிலிருந்து தொடங்கினாள். மணி தன்பாட்டுக்கு அடித்து ஓய, முட்டி சிராய்த்துத் திரும்பி வந்த சாமியார் ரெண்டு பேருக்கும் நடுவே நின்று கண்ணை மூடிச் செபத்தைச் சொல்ல, ஊர் ஒரு கையால் கும்பிட்டுக்கொண்டு மறு கையால் ரெண்டு பேரையும் தூண்டிவிட, கிளிப்பச்சைத் துணி பலகைக்குள் பலாப்பழமாக உப்பி நிற்க, கடைசி அலை சந்தியாகப்பரைத் தூக்கிக்கொண்டு வந்து ஈர மணலில் இறக்கியது.

தொபியாஸ் குதித்து இறங்கி நேராகக் கித்தேரியிடம் வந்தான். அவள் நடுவாக்கியத்தில் இருந்தாள். கையால் அவனைக் கொஞ்சம் பொறு என்று தள்ளிவிட்டு, வாக்கியத்தை முடித்து, அதன்பிறகு அவன் தோளில் சாய்ந்து அழுதாள். இன்னாசிக்கு மட்டும் வள்ளத்தை விட்டு இறங்குவதற்கு வெகுநேரம் பிடித்தது.

அந்த வருஷம் சாளை போகிறவரைக்கும் குழாயடியில் காலைச் சண்டை கோயில் பூசைபோல முறையாக நடந்தது. மற்ற வள்ளக்காரர்களும் தங்கள் மனைவிமாரிடம் பழைய சேலை கேட்டார்கள். சாதுவான பெண்களின் புருசன்மார் கவலையோடு திரிந்தார்கள். சாமியார் நரகத்தைப் பிரசங்கத்தில் மறுபடி சேர்த்துக்கொண்டார்.

சாளை போனது. வள்ளத்தைக் கரையேற்றிக் கவிழ்த்தார்கள், ஆசாரி வந்தார், புதுப் பலகை வந்தது. கிளிப்பச்சைத் துணியைத் துவைத்து, கித்தேரி கொடியில் காயப்போட்டாள். ஓட்டையில்லாத சந்தியாகப்பர் கடலுக்குப் போன முதல் காலையில், அவள் குழாயடிக்குப் போகாமல் வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தாள். இனி யாருக்காகச் சண்டை போட வேண்டும் என்று தெரியவில்லை. தெரு சுத்தமாக, சத்தமில்லாமல் கிடந்தது.

பிரகாசி குடத்தோடு வந்து எதிரே நின்றாள். கொடியில் ஆடிய துணியைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள்.

"ஆசாரி வேலைய எல்லாம் நம்ப முடியாதுட்டி" என்றாள்.

"அது உள்ளதுதான்" என்றாள் கித்தேரி.

"எதுக்கும் இருக்கட்டுமே." பிரகாசி குடத்தை இறக்கி வைத்துவிட்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "உன் கோழி நேத்து என் வீட்டுக்குள்ள வந்துச்சு."

கித்தேரி எழுந்து நின்றாள். பொழுது விடிந்தது.